கொடியில் காய்ந்த ஓட்டுகள்

இப்போதெல்லாம் தேர்தல் என்றால் வாசலில் வந்து நின்று கும்பிடுகிறார்கள். "ரகசிய ஓட்டுலா அக்கா. யாருக்குப் போடுறீங்கன்னு ஒரு ஈ காக்காக்குத் தெரியாது. பயப்படாமப் போடுங்க" என்று பையன்கள் தைரியம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நானும் தலையை ஆட்டி வைக்கிறேன். ரகசியமாம் ரகசியம்! ஒரு ரகசிய ஓட்டு நடந்த அழகை என் இரண்டு கண்ணாலும் பார்த்தவள் நான். அன்றையிலிருந்து யார் எந்தப் பெட்டியை நீட்டினாலும், பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் நீட்டுகிறவன் முகத்தைத்தான் பார்ப்பேன்.

நாங்கள் வெளுக்கிற குடும்பம். பினாங்கில் மலாய்க்காரரும் சீனரும் டோபி என்பார்கள். பெரிய சண்டை முடிந்து கப்பல்கள் மறுபடி ஒழுங்காக ஓடத் தொடங்கிய காலத்தில் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்து இறங்கினேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்த எழுத்துதான் இது. பிழை இருந்தால் அந்த வாத்தியாரம்மாவைத் திட்டுங்கள், என்னைத் திட்டாதீர்கள்.

ஜார்ஜ் டவுனை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஆற்றங்கரையில் எங்கள் துறை. துவைக்கிற கற்கள் கரையோரமாக மேலிருந்து கீழே வரிசையாகக் கிடக்கும். வீட்டுக்கு ஒரு கல். மேல் கல் துறைத் தலைவருடையது. அவருக்கு அடுத்து அவருடைய பங்காளிகள், அதற்கடுத்து மாமன் மச்சான்கள், இப்படியே உறவு நீர்த்துக்கொண்டே கீழே வரும். கடைசிக்கு முந்தின கல் எங்களுடையது. தண்ணீர் மேலிருந்துதானே வரும்? தலைவர் கல்லில் அது ஆறு. எங்கள் கல்லுக்கு வரும்போது அத்தனை வீட்டுச் சவுக்காரமும் சோடாவும் ஊர் அழுக்கும் கரைந்த கழுவுநீர்.

எங்களுக்கும் கீழே ஒரு கல் இருந்தது. அது ஆஸ்பத்திரிக்காரர் கல். அந்த மனிதரும் அவர் மனைவியும் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்தார்கள். ரத்தமும் சீழும் பட்ட துணி என்று துறையில் வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். தீட்டுத் துணி என்றுதான் பேர். அதனால் அவர்களுக்குக் கடைசிக் கல், கோயில் திருவிழாவில் கடைசிப் பந்தி. அந்தப் பெண் என்னைவிடச் சின்னவள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். நானும் பதிலுக்குப் பேசுவேன், ஆனால் அவள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அப்போது அது எனக்குத் தப்பாகவும் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது தெரியாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. கல்லில் அடித்து வெளுப்பது ஆண்கள் வேலை. கஞ்சியும் நீலமும் போடுவது பெண்கள் வேலை. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு கைப்பக்குவம். தலைவர் வீட்டில் பச்சரிசிக் கஞ்சி, தூக்கலான நீலம், ஏனென்றால் அவர்கள் ஓட்டல் துணி வெளுக்கிறவர்கள். என் வீட்டில் சவ்வரிசிக் கஞ்சி. அரிசிக் கஞ்சி மங்கலாக நிற்கும், சவ்வரிசி பளபளவென்று ஏறும். ஆனால் அதன்மேல் நீலம் சமமாகப் பிடிக்காது, ஓரத்தில் திட்டாக ஒதுங்கிவிடும். ஆஸ்பத்திரித் துணிக்குக் கஞ்சியே கிடையாது. எந்த வீட்டுத் துணி என்று கண்டுபிடிக்க எங்களுக்குக் குறி பார்க்க வேண்டியதில்லை, தூரத்தில் கொடியில் ஆடுகிறபோதே தெரியும். ஆண்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்துகொள்ள அவர்கள் ஆசைப்பட்டதும் இல்லை.

எங்கள் வயிறு ஒரே ஒரு வீட்டை நம்பி இருந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு துணிக்கடை முதலாளி வீடு. வீடு நிறைய ஆண்பிள்ளைகள், அத்தனை பேருக்கும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வெள்ளை வெளேரென்று உடுப்பு வேண்டும். ஒருநாள் அந்த வீட்டம்மா நான் கொண்டுபோன மூட்டையை அவிழ்த்து ஒரு ஜிப்பாவை வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏம்புள்ள, வெள்ளையாத்தானே குடுத்தேன்? இது என்ன, சாம்பல்ல புரட்டின மாதிரி?"

"தண்ணி சரியில்லம்மா. ஒரு தடவை பொறுத்துக்கிடுங்க."

"எத்தனை தடவை பொறுக்குறது? புள்ளைங்க அத்தா மொகம் சுளிக்கிறாஹ. இன்னும் இப்படியே வந்துச்சுன்னா சீனன் சலவைக் கடைக்கு அனுப்பிருவேன், கோவிச்சுக்கக் கூடாது."

அந்த வீடு போனால் நாங்கள் பினாங்கில் இருக்க முடியாது. கடல் தாண்டி அக்கரையில் சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் அண்ணன் மரம் சீவிக்கொண்டிருந்தான். கங்காணியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தான். தோட்டப் பிழைப்பு எனக்கு வேண்டாம். விடியுமுன் தப்படித்து எழுப்புவதும், ஆள் பேர் சொல்லிக் கூப்பிடுவதும், கங்காணி முகம் பார்த்து நிற்பதும் நமக்கு ஆகாது என்று கப்பலில் வரும்போதே முடிவு செய்துகொண்டவள் நான். வெளுக்கிறவள் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம். மூட்டையை எடுத்தோமா, கொடுத்தோமா, வந்தோமா என்று இருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் முனிசிபல் ஆபீசிலிருந்து கணக்கு எழுதுகிற கிராணியார் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், கோட்டுப் போட்டுக்கொண்டு வியர்வை வழிய நின்றார். துறைக்குப் பின்னால் கிடந்த மேட்டில் சிமெண்டுத் தொட்டிகள் கட்டித் தருவார்களாம். ஒவ்வொரு தொட்டிக்கும் தனிக் குழாய், எல்லாம் ஒரே அளவு. யாருக்கு எந்தத் தொட்டி என்பதைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்களாம். மாதம் ஒரு சின்ன வாடகை.

"உங்களுக்கு விருப்பமெண்டால் மட்டும்தான் கட்டித் தருவினம். வேண்டாமெண்டால் விட்டிடலாம். ஆனால் எல்லாரும் கூடி, ஆரும் ஆரையும் வெருட்டாமல், ரகசியமாய் ஓட்டுப் போட்டுச் சொல்லவேணும்" என்றார்.

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. சும்மா இருக்கிறவனைத் தேடி வந்து குழாய் போட்டுத் தருகிறேன் என்கிறானே, எதற்கு? ஆற்றங்கரை மண் யாருக்கோ வேண்டியிருக்கிறதோ? இந்தக் கோட்டுக்காரருக்கு இதில் என்ன வரும்? எல்லாம் யோசித்தேன். சந்தேகப்படுவதில் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை. ஆனால் என் சந்தேகத்தையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும், அந்தச் சாம்பல் நிற ஜிப்பா இன்னொரு தட்டில் இருந்தது. குழாய்த் தண்ணீர் எப்படியிருக்கும் என்று தெரியாது. ஆற்றுத் தண்ணீர் எப்படியிருக்கிறது என்று நன்றாகவே தெரியும். எனக்குத் தொட்டி வேண்டும்.

துறை முழுக்க அடுத்த சில நாட்கள் வேறு பேச்சே இல்லை. அம்மாடி, என்னென்ன கதைகள்! குழாய்த் தண்ணீரில் வெள்ளைக்காரன் மருந்து கலக்கிறான், துணி நைந்துபோகும், கைத்தோல் உரிந்துபோகும் என்றார்கள். தொட்டி கட்டுகிற குத்தகை ஒரு சீன முதலாளிக்கு, தவுக்கேக்கு, போயிருக்கிறது, கட்டி முடித்ததும் அவன் தன் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிடுவான் என்றார்கள். யாழ்ப்பாணத்தான் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசிவிட்டான் என்றார்கள். யார் சொன்னது என்று கேட்டால், "எல்லாரும்தான் சொல்றாங்க" என்பார்கள். அந்த எல்லாரையும் நான் தேடித் தேடிப் பார்த்தேன், ஒருவர்கூட அகப்படவில்லை.

கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். நாங்கள் பெண்கள் பின்னால் மாமரத்தடியில் நின்றோம். எங்களுக்கு ஓட்டு இல்லை, வீட்டுக்கு ஒரு ஓட்டு, அது ஆணுக்கு. தலைவரின் மச்சான் ஒருவர் ஒரு வேட்டியை விரித்துக் காட்டினார். நடுவில் ஒரு முழத்துக்குக் கிழிசல்.

"பாருங்கையா, நல்லாப் பாருங்க! டவுன்ல குழாயடியில துவைச்ச வேட்டி இது. ஒரே தண்ணியில இந்தக் கதி!"

முன்னால் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். நான் எட்டிப் பார்த்தேன். அது கல்லின் விளிம்பில் மாட்டி இழுத்த கிழிசல், அதுவும் பழைய கிழிசல். மருந்தில் நைந்த துணி அப்படியா கிழியும்? பொலபொலவென்று உதிரும். சோடா கூடிப்போனால் என்ன ஆகும் என்று அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். பிறந்தது முதல் துணியில் புரண்ட ஜனம்! வேறு யாரையாவது துணி விஷயத்தில் ஏமாற்றலாம், இவர்களையா? ஆனால் ஏமாந்தார்கள். வேட்டியைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, ஆமாம் ஆமாம் என்று அடுத்தவனிடம் கொடுத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வேட்டியைப் பிடுங்கி அவர்கள் தலையிலேயே சுற்றிவிடலாம் போலிருந்தது.

பிறகு ஒரு பெரியவர் எழுந்து நின்றார். "மருந்தை விடுங்க. நான் ஒண்ணு கேக்குறேன். நல்ல தண்ணின்னா ரெண்டு அடியில வெளுத்துரும். மத்தியானத்துக்குள்ள வேலை முடிஞ்சிரும். அப்புறம் அடிக்க வச்சிருக்கிற கூலியாளுக்கு என்ன வேலை? நம்ம பயலுவ எங்க போவானுவ? வேலையைக் கொறைக்கிற தண்ணி நமக்கு எதுக்கு?"

இதற்குக் கைதட்டல் வேறு. வேலை சீக்கிரம் முடிந்தால் இன்னும் இரண்டு வீட்டு மூட்டை எடுக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊரில் உள்ள அழுக்கு இவ்வளவுதான் என்று யாரோ அளந்து வைத்துவிட்டதுபோலப் பேசினார்கள். தலைவர் மட்டும் ஒன்றும் பேசவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டு, "நான் என்னத்தச் சொல்ல? நீங்க எல்லாரும் சேந்து சொல்றதுதான்" என்றார். மேல் கல்லில் நல்ல தண்ணீரில் நிற்கிறவர் பேசவே வேண்டாம், மற்றவர்கள் அவருக்காகப் பேசினார்கள். இந்தக் கதைகளெல்லாம் எந்தக் கல்லிலிருந்து கிளம்பிக் கீழே வந்தன என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. நிரூபிக்கத்தான் முடியவில்லை.

எப்படி ஓட்டுப் போடுவது என்ற பேச்சு வந்தது. பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. தலைவர்தான் வழி சொன்னார். "நம்மகிட்ட இல்லாத துணியா? வீட்டுக்கு ரெண்டு துண்டு கொண்டாங்க, கையகலத்துக்கு. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு நீலம் போட்டது. தொட்டி வேணும்னா வெள்ளை, வேணாம்னா நீலம். ஒண்ணைப் பானையில போட்டுட்டு மத்ததை வெள்ளாவி அடுப்புல எறிஞ்சிருங்க. எவனுக்கும் தெரியாது." ஆண்கள் எல்லாரும் ஆகா என்றார்கள். கிராணியாரும் நல்ல யோசனை என்று எழுதிக்கொண்டார். தலைவர் வேண்டுமென்றே சொன்னாரா, நிஜமாகவே தோன்றாமல் சொன்னாரா என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். வேண்டுமென்றேதான் என்று பாதி மனசு சொல்கிறது.

இரண்டு துண்டையும் நான்தான் தயார் செய்தேன். பழைய மல் வேட்டியில் கிழித்து, வழக்கப்படி சவ்வரிசிக் கஞ்சி போட்டு, ஒன்றை நீலத்தில் முக்கி, காயவைத்து இஸ்திரிப் பெட்டி போட்டு மடித்தேன். கஞ்சி போடாத துணியை என் கையால் வாசலுக்கு வெளியே அனுப்பியதில்லை. இதற்கு எதற்குக் கஞ்சி என்று எனக்கும் தோன்றவில்லை, துறையில் வேறு எந்தப் பெண்ணுக்கும் தோன்றவில்லை.

சோறு போடும்போது கேட்டேன். "ஏங்க, வெள்ளைதானே?"

"ம்."

"ம் இல்ல. வாயைத் தெறந்து சொல்லுங்க. முதலாளி வீடு போச்சுன்னா நாளைக்கு அக்கரையில போயி மரம் சீவணும். தெரியும்ல?"

"தெரியும்டி. வெள்ளைதான். விடு" என்றார் என் வீட்டுக்காரர். சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அதையும் கவனித்துத்தான் வைத்தேன்.

ஓட்டன்று கோயில் முற்றத்தில் ஒரு பெரிய மண்பானையை வைத்து வாயைச் சாக்கால் மூடியிருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய்ச் சாக்குக்குள் கையை விட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, இன்னொன்றைக் கைக்குள் கசக்கி மறைத்து, பக்கத்தில் எரிந்த வெள்ளாவி அடுப்பில் எறிந்தார்கள். கடைசியாக ஆஸ்பத்திரிக்காரர் போனார். அவர் பானையைத் தொடும்போது சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எல்லாம் முடிந்து பானையைக் கவிழ்த்தார்கள். துண்டுகள் ஒன்றோடொன்று சிக்கிக் குவியலாக விழுந்தன.

"கீழ வச்சு எண்ணாதீங்க" என்றார் தலைவர். "கொடியில போடுங்க. எல்லாரும் கண்ணாரப் பாக்கட்டும். நாளைக்கு எவனும் கள்ள ஓட்டுன்னு பேசப்பிடாது."

இரண்டு கொடி கட்டினார்கள், ஒன்றில் வெள்ளை, ஒன்றில் நீலம். நீலக் கொடி கனத்துத் தொய்ந்தது. வெள்ளைக் கொடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில துண்டுகள். தொட்டி வேண்டாம் என்று தீர்ந்துவிட்டது. ஆண்கள் கொடியைப் பார்த்து ஓகோ என்று கத்தினார்கள். அவர்களுக்குத் தெரிந்தது இரண்டே நிறம்.

மாமரத்தடியில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் பெண்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்களுக்கு அது கொடியில்லை, வீடு வீடாகப் பேர் எழுதிய பலகை. நீலத்தில் தலைவர் வீட்டு அரிசிக் கஞ்சி, பங்காளி வீட்டுக் கஞ்சி, எல்லாம் எதிர்பார்த்ததுதான். அதற்குப் பக்கத்தில் கீழ்க் கல் வீடுகள், எங்களைப் போலவே கழுவுநீரில் துவைக்கிற வீடுகள், எல்லாம் நீலம். அடப்பாவிகளா, உங்களுக்குமா வேண்டாம் என்று நினைத்தேன். வெள்ளைக் கொடியின் ஓரத்தில் ஒரு துண்டு கஞ்சியே இல்லாமல் துவண்டு தொங்கியது. அது ஆஸ்பத்திரிக்காரர் வீடு. அதைத் தலைவர் மனைவியும் பார்த்தாள். அவள் பார்ப்பதை நான் பார்த்தேன்.

அந்தத் துவண்ட துண்டுக்குப் பக்கத்தில் என் சவ்வரிசித் துண்டைத் தேடினேன். இல்லை. வெள்ளைக் கொடியை மறுபடி ஒருமுறை முழுக்கப் பார்த்தேன். இல்லை. நீலக் கொடிக்குக் கண் போனது. நடுவில், விறைப்பாக, பளபளவென்று, ஓரத்தில் மட்டும் நீலம் திட்டாக ஒதுங்கி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. என் கை போட்ட கஞ்சி. பக்கத்தில் நின்ற ஆஸ்பத்திரிக்காரர் மனைவி என்னவோ கேட்டாள், என்ன கேட்டாள் என்று இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "நீலம் போட்டீங்களா இல்லையா?"

"யாரு சொன்னா?"

"என் கஞ்சி சொல்லிச்சு. ஏன் போட்டீங்க? மருந்துன்னா? சீனன்னா? அந்தக் கிழிஞ்ச வேட்டியை நம்பினீங்களா நீங்களும்?"

வாசல் கதவைச் சாத்தினார். பிறகு, "மருந்தும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. குலுக்கிப் போட்டு எடுப்பாங்களாம்ல? அந்த ஆஸ்பத்திரிக்காரனுக்கு முதல் தொட்டி விழுந்தா என்ன பண்ணுவ? அவனும் நானும் ஒரே மேட்டுல, ஒரே குழாயில நிக்கணுமா?" என்றார்.

"தொட்டிக்குத் தொட்டி தனிக் குழாய்ங்க. அவன் தண்ணி நம்மகிட்ட வராது."

"தண்ணியைச் சொல்லலடி. இன்னைக்கு நமக்குக் கீழ ஒரு கல்லு இருக்கு. நம்மள யாராச்சும் கடைசின்னு சொல்ல முடியுமா? தொட்டி வந்தா அதுவும் போயிரும்."

வெள்ளைக்காரனைச் சந்தேகப்பட்டேன், கோட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன், தலைவரை இன்றுவரை சந்தேகப்படுகிறேன். என் அடுப்பங்கரையில் உட்கார்ந்து என் சோற்றைத் தின்றுகொண்டிருந்த இந்த மனசை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. "கீழ ஒரு கல்லு இருந்தா அது சோறு போடுமா?" என்று கத்தினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஆற்றில் நின்றுகொண்டு ஆஸ்பத்திரிக்காரரிடம் என் வீட்டுக்காரர் சொன்னது என் காதில் விழுந்தது. "நான் வெள்ளைதான் போட்டேன்லா தம்பி. மத்த பயலுவதான் கவுத்துட்டானுவ." ஆஸ்பத்திரிக்காரர், "தெரியும்ண்ணே, நீங்க போட்டிருப்பீங்க" என்றார். அவர் மனைவி விரிப்பைப் பிழிந்துகொண்டே இருந்தாள், நிமிரவில்லை. எனக்கு அங்கே நிற்கக் கூசியது, மூட்டையை எடுத்துக்கொண்டு கரையேறிவிட்டேன்.

தலைவர் மனைவி பார்த்தது வீண்போகவில்லை. சீக்கிரமே இன்னொரு கூட்டம் போட்டார்கள். துறை நாற்றமெடுக்கிறது, டவுன் வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள், இனித் தீட்டுத் துணி நம் ஆற்றில் கூடாது என்று பேச்சு. கடைசிக் கல்லில் துவைக்கிற துணி மேல்கல் தண்ணீரை எப்படி நாறடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. ஆறு மேல்நோக்கி ஓடுகிறதா என்ன? இந்தத் தடவை பானையும் இல்லை, துண்டும் இல்லை. கையைத் தூக்குங்கள் என்றார் தலைவர். தூக்கினார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தூக்கினார்.

ஆஸ்பத்திரிக்காரர் குடும்பம் ஒரு மாட்டுவண்டியில் சட்டி பானையோடு போய்விட்டது. எங்கே போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பெண் மட்டும் என் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, "வரேன்க்கா" என்றாள். சரி என்றேன்.

அடுத்த மாதமே மேல் கல்லில் புதிதாக மூட்டைகள் வந்து இறங்கின. அகலமான வெள்ளை விரிப்புகள், ஓரத்தில் சிவப்பு நூலில் ஆஸ்பத்திரிக் குறி. தலைவர் வீட்டு ஆட்கள் அவற்றைக் கல்லில் போட்டு அடித்தார்கள். அத்தனையும் எங்கள் எல்லாருடைய கல்லையும் தடவிக்கொண்டு கீழே வந்தது. முன்பு கடைசிக் கல்லைத் தாண்டிக் கடலுக்குப் போன அழுக்கு, இப்போது துறை முழுக்க நனைத்துக்கொண்டு போனது.

நான் என் வீட்டுக்காரரை இழுத்துக் காட்டினேன். "இது என்னங்க? தீட்டுத் துணி கூடாதுன்னு கையத் தூக்கினீங்களே?"

அவர் மேலே ஒருமுறை பார்த்தார். "அது சர்க்கார் துணிலா. தலைவர் சொன்னாரு" என்றார். துறையில் எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். சர்க்கார் துணி! அதே ரத்தம், அதே சீழ், கல் மாறினதும் பேர் மாறிவிட்டது. அந்த வருஷம் தலைவரை மறுபடி தேர்ந்தெடுத்தபோது ஒருவர்கூட எதிர்த்துக் கை தூக்கவில்லை. அப்போது எங்களுக்குக் கீழே கல் எதுவும் இல்லை. எங்களைத்தான் கடைசிக் கல் வீடு என்று கூப்பிட்டார்கள்.

முதலாளி வீட்டம்மா அதற்குப்பின் அதிக நாள் பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நான் போனபோது அழுக்கு மூட்டை தயாராக இல்லை. வாசலில் சீனன் கடைச் சைக்கிள் நின்றது. அம்மா நல்ல மனுஷி, நின்று ஒரு வார்த்தை சொன்னார், என் கையில் ஒரு வெள்ளிக் காசையும் வைத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். அடுத்த வாரம் படகேறி அக்கரைக்குப் போனோம்.

தோட்டத்தில் லயத்து வீட்டு வரிசைக்குக் கோடியில் ஒரே ஒரு குழாய். எல்லாருக்கும் அதுதான். வேலை முடிந்து வந்ததும் வாளியை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் நாங்கள் இருவரும் போய் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற ஆள் திரும்பினார். அவர் ஆஸ்பத்திரிக்காரர். பக்கத்தில் அவர் மனைவி, இடுப்பில் ஒரு குழந்தை.

என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. ஆஸ்பத்திரிக்காரர்தான் முதலில் சிரித்தார். "வாங்கண்ணே, நீங்களுமா?" என்று விலகி இடம் விட்டார். "முதல்ல நீங்க புடிங்க. தண்ணி நல்லா வருது."

என் வீட்டுக்காரர் வாளியைக் குழாய்க்குக் கீழே வைத்தார். பழைய பாட்டையே எடுத்தார். "என்ன பண்றது தம்பி. அன்னைக்கு நான் வெள்ளைதான் போட்டேன். எவன் கேட்டான்?"

ஆஸ்பத்திரிக்காரர் தலையை ஆட்டினார். அவர் மனைவி என்னைப் பார்த்தாள், என் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை.

"அதை விடுங்கக்கா" என்றாள் மெதுவாக. "உங்க வீட்டுச் சவ்வரிசிக் கஞ்சி எனக்குத் தெரியாதா? நானும் உங்க பக்கத்துலதானே நின்னேன்."

வாளி நிறைந்து வழிந்தது. என் வீட்டுக்காரர் குழாயை மூடவில்லை. அவள்தான் குனிந்து மூடினாள்.